என் கணவர் எம்.பி. தேர்தலில் நின்ற கோடை

தொண்ணூற்றொன்றில் எங்கள் காலனிக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், பள்ளத்தைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பள்ளம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஓடையை. முந்தின நாள் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. இக்கரைக்கு வந்து ஏறியதும் எங்களைப் பார்த்துச் சிரித்து, அடுத்த முறை வந்தால் பாலத்தின் மேல்தான் வருவேன் என்றார். நாங்கள் கை தட்டினோம். நான் ஆரத்தித் தட்டோடு முன்வரிசையில் நின்றிருந்தேன். அவர் ஜெயித்தார். சொன்ன சொல்லையும் ஒரு வகையில் காப்பாற்றினார். ஐந்து வருடமும் பாலம் வரவில்லை, அவரும் வரவில்லை.

கோயமுத்தூரின் வடக்கு ஓரத்தில் ஒரு சோளக்காடு சைட்டுகளாகப் பிரிக்கப்பட்டு உருவானது எங்கள் காலனி. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மெயின் ரோட்டு ஸ்டாப் வரும். அங்கிருந்து மண் பாதை, நடுவில் பள்ளம், அதற்கப்பால் நாங்கள். மில் வேலைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், இரண்டு மூன்று வாத்தியார்கள் என்று எல்லோரும் கடனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்கள்தான். என் கணவர் மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். தோட்டத்து மோட்டார்கள் கருகிப் போனால் காயில் கட்டிக் கொடுப்பது தொழில். நான் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். எங்களுக்கு ஒரே பெண், இவர் தேர்தலில் நின்ற வருடம் இரண்டாம் வகுப்பு.

மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, சிலிண்டர் கிடையாது, பால்காரர் அக்கரையிலேயே மணி அடித்துவிட்டுப் போய்விடுவார். பஞ்சாயத்தில் போய்க் கேட்கலாம் என்றால், அது பல வருடமாகப் பஞ்சாயத்துத் தேர்தலே நடக்காமல் இருந்த காலம். தலைவர் என்று யாரும் இல்லை. ஒரு அதிகாரி இருந்தார். அவருக்கு எங்களைப் போல எத்தனையோ ஊர். அதனால் மனு எழுதுவதென்றால் எம்.எல்.ஏ.வுக்கு எழுத வேண்டும், இல்லையென்றால் எம்.பி.க்கு. இரண்டு பேருக்கும் எழுதினோம். எழுதி எழுதி எங்கள் காலனிப் பெண்களுக்குக் கையெழுத்து அழகாகிவிட்டது என்று எதிர் வீட்டு அண்ணன் சொல்வார். மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் குத்தலாகத்தான் பேசுவார்.

தொண்ணூற்றாறில் மறுபடி தேர்தல் வந்தது. காலனிப் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். யாரும் ஓட்டுப் போடக் கூடாது, கறுப்புக்கொடி கட்டலாம் என்று பலரும் பேசினார்கள். என் கணவர் பொதுவாகக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். அன்றைக்கு எழுந்து, நாம் ஓட்டுப் போடாவிட்டால் யாருக்கு நட்டம், ஓட்டுக் குறைந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது என்றார். உடனே எதிர் வீட்டு அண்ணன் சொன்னார்.

“அப்பறம் என்னத்தப் பண்றதுங்க? பேசாம நீங்களே நின்னுபோடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. இவர் சிரிக்காமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

மறு வாரம் அவர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தார். முன்மொழிந்தவர் அதே எதிர் வீட்டு அண்ணன்தான். விளையாட்டுக்குச் சொன்னது வினையாகிவிட்டதே என்று அவர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். நான் இரண்டு நாள் என் கணவரோடு பேசவில்லை. வெட்கம் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள், “எம்.பி. சம்சாரம் வாராங்க” என்று சொல்லிச் சிரித்தார்கள். பயம் இன்னொரு பக்கம். பெரிய கட்சிகள் மோதுகிற இடத்தில், காயில் கட்டுகிற மனுஷன் எதற்காகத் தலையை நீட்ட வேண்டும்? அன்னூர்ப் பக்கம் இருந்த என் அப்பா, தகவல் தெரிந்ததும் பஸ் ஏறி வந்து, மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

வாபஸ் வாங்குவதற்குக் கடைசி நாளுக்கு முன்பு ஒரு பெரிய கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயது, கனத்த உடம்பு, நெற்றியில் திருநீறு. கூட நான்கு பேர். உள்ளே வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்தார். என் கணவர் பட்டறையில் இருந்தார். அது தெரிந்துதான் வந்திருந்தார்கள் போல.

“ஏனுங்க அம்மணி, நீங்க படிச்சவிய. உங்களுக்குத் தெரியாததில்ல. இதெல்லாம் நமக்கு எதுக்குங்க? அவரத் தொழிலப் பாக்கச் சொல்லுங்க. வாபஸ் வாங்கிப்போட்டா எல்லாத்துக்கும் நல்லதுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. போகும்போது மோர் நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னார். எங்கள் ஊரில் மிரட்டுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் மிரட்டுவார்கள். அவர்கள் போனதும் கதவைத் தாழ் போட்டேன். சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். மிரட்டினாரா என்றார். இல்லை என்றேன். பிறகென்ன என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

சின்னம் ஒதுக்கினார்கள். மோட்டார் தொழிலுக்குப் பொருத்தமாக மின்விசிறி கேட்டிருந்தார். அதை வேறொருவர் வாங்கிவிட்டார். இவருக்குப் படகு கிடைத்தது. பள்ளத்தில் தண்ணீர் வந்தால் நமக்குப் படகுதானே வேண்டும், ஆபீசர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பெண் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கிரேயானால் படகு படகாக வரைந்தாள். அவளுடைய படகுகளில் எல்லாம் ஜன்னலும் திரைச்சீலையும் இருக்கும். அதைத்தான் காலனிச் சுவர்களில் ஒட்டினோம். என் கணவர் தன் டி.வி.எஸ். பிஃப்டியில் வாரச் சந்தைகளுக்குப் போய், கையில் மெகாஃபோனை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசிவிட்டு வருவார். பேச்சில் பாலத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. எங்கள் தொகுதியோ காரில் போனாலே ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவு பெரியது. அதில் பாதி ஊர்களை அவர் கண்ணாலும் பார்த்ததில்லை.

வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று காலையிலிருந்தே வயிறு வலிக்கிறது என்றார். வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்து வெந்தயமும் மோரும் கொடுத்தேன். மதியத்துக்கு மேல் வாந்தி. நான்கு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து கோடை மழை கொட்டியது. மழை விட்டபோது அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். வலது பக்க அடிவயிற்றைத் தொட்டாலே கத்தினார். உடம்பு அனலாகக் கொதித்தது. எதிர் வீட்டு அண்ணன் டாக்ஸி பிடிக்க ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பள்ளத்தில் இடுப்பளவுக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அக்கரையில் மைக் சத்தம் கேட்டது. அந்தப் பெரிய கட்சியின் பிரச்சார ஜீப், மெயின் ரோட்டிலிருந்து மண் பாதைக்குள் வந்து, தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தது. காலனி ஆண்கள் கரையில் நின்று துண்டை ஆட்டிக் கூப்பிட்டார்கள். முதலில் தங்களை வரவேற்கிறார்கள் என்று நினைத்து ஜீப்பில் இருந்தவர்களும் துண்டை ஆட்டினார்கள். விஷயம் புரிந்ததும் நான்கைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் அந்த ஒன்றியச் செயலாளர்.

எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவரை உட்காரவைத்து, துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்ணை எதிர் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நான் பின்னால் இறங்கினேன். நடுவில் தண்ணீர் இழுத்தது. யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஜீப்பில் ஏற்றியதும் செயலாளர் மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அவர் குரல்தான்.

“வழி விடுங்க, வழி விடுங்க, வேட்பாளர் வாராருங்க, தயவுசெஞ்சு வழி விடுங்க.”

கட்சிக் கொடியைப் பார்த்து, தங்கள் வேட்பாளர்தான் வருகிறார் என்று ரோட்டோரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கும்பிட்டார்கள். என் மடியில் தலை வைத்திருந்த என் கணவர், அந்த நிலைமையிலும் பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்த உடனேயே டாக்டர் சொல்லிவிட்டார். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிக்கிற நிலைமை, இப்போதே அறுத்தாக வேண்டும். உள்ளே கொண்டுபோனார்கள். நான் ஈரச் சேலையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் ரிசப்ஷன் போனில் செயலாளர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரல்தான், ஆனாலும் எனக்குக் கேட்டது. சுயேச்சைக்கு ஆபரேஷன், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எலெக்‌ஷனே நின்றுபோகும் என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. அன்றைக்கு இருந்த சட்டப்படி, வேட்பாளர் பட்டியலில் இருக்கிற யார் இறந்தாலும், அவர் சுயேச்சையாக இருந்தாலும், அந்தத் தொகுதியின் தேர்தலை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். இவ்வளவு செலவும் அலைச்சலும் வீண்.

அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சியின் ஆட்கள் வந்தார்கள். அடுத்து மூன்றாவது கட்சி. தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்து, நர்ஸிடம் நோயாளியின் நிலைமையைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிக்காரர்கள் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, ஒரே தூக்குவாளியில் வந்த டீயைப் பகிர்ந்து குடித்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு அசைந்தால் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அவர்களில் ஒருவர் வெளியே வந்த நர்ஸைக் கும்பிட்டு, எலெக்‌ஷன் முடிகிற வரைக்குமாவது நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

“எலெக்‌ஷன் முடிஞ்சதுக்கப்பறமும் எனக்கு அவரு வேணுமுங்க” என்றேன்.

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். நான் உட்கார்ந்து, அதுவரை வராத அழுகையை அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து செயலாளர் வந்து என் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வேட்டியும் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. நானும் மொதல்ல எலெக்‌ஷனத்தான் நெனச்சனுங்க, பொய் சொல்லல. ஆனா தண்ணிக்குள்ள தூக்கீட்டு வாரப்ப அவரு என்ற கையப் புடிச்சிருந்தாருங்க. அந்தப் புடி இன்னும் உடலீங்க.”

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தது எனக்கு ஒரு பலமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தது கண்ணில் தெரிந்தது. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், வெடிக்கவில்லை, பயமில்லை என்றார். அவ்வளவு பேர் ஒன்றாக மூச்சு விட்ட சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கட்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். வாசல் வரை சேர்ந்து போய், அங்கே நினைவு வந்தவர்கள் போலப் பிரிந்து தத்தம் வண்டியில் ஏறினார்கள்.

அந்த வாரம் முழுவதும் என் கணவரின் கட்டிலுக்கடியில் இளநீர் குலைகள் குவிந்தன. எந்தக் கட்சி கொண்டுவந்தது எது என்று தெரியாமல் வார்டில் இருந்த எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தோம். நாடு முழுக்க இப்படி ஒற்றுமை இருந்தால் தேவலை என்று அவர் சொல்லிச் சிரிக்கப் போய், தையல் வலித்து நிறுத்திக்கொண்டார். வாக்குப்பதிவு நாளிலும் ஆஸ்பத்திரியில்தான். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர் அவர். நான் காலையில் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். மேசை விரிப்பு போல அவ்வளவு நீளமான ஓட்டுச் சீட்டு. அதில் படகு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, மை நன்றாகப் பதிகிற மாதிரி அழுத்திக் குத்தினேன். அதுவரை இவர் தேர்தலில் நின்றதில் எனக்குச் சம்மதம் இருந்ததில்லை. அந்த மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்றபோது இருந்தது.

எண்ணிக்கையில் டெபாசிட் போனது. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எங்கள் சாவடியில் படகு முதலாவதாக வந்திருந்தது. அதுவும் ஆச்சரியமில்லை. ஆனால் தொகுதியின் மறு கோடியில், இவர் ஒரு தடவைகூடப் போகாத ஊர்களிலும் படகுக்கு யார் யாரோ குத்தியிருந்தார்கள். யாராக இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் ஒரு பள்ளம் இருக்கும் என்றேன். அதைக் கேட்டு அவர் முகம் மாறியது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. இதற்காகவே மறுபடி நின்றுவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

ஜெயித்தது செயலாளரின் கட்சி. புது எம்.பி. இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கே வந்தார், செயலாளர்தான் கூட்டிவந்தார். தண்ணீர் இல்லாத பள்ளத்தில் இறங்கி ஏறி வந்து, என் கணவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. எந்த இடத்தில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று செயலாளரிடம் கேட்டு, அங்கே போய்ச் சிறிது நேரம் நின்று பார்த்தார். தொகுதி நிதியில் ஒரு தரைப்பாலத்துக்கு ஏற்பாடு செய்வதாகப் பிறகு தகவல் வந்தது. அளந்தார்கள், கல் நட்டார்கள், குழாய்கள் வந்து இறங்கின. அதற்குள் பார்லிமெண்டே கலைந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டுத் தேர்தல் சமயத்தில் குண்டுகள் வெடித்துக் கோயமுத்தூர் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் வீட்டுக்கு வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்ப்பதே வேலையாக இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்த எம்.பி. வேறு கட்சிக்காரர். முன்னவர் ஆரம்பித்த வேலை நின்றுபோகும் என்று நாங்கள் நினைத்தோம். செயலாளர், தன் எதிர்க்கட்சி என்றும் பார்க்காமல், என் கணவரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் இப்போது அந்த எம்.பி.க்கு வேண்டியவர்கள். அவர்களே எழுந்து வந்து, “வயிறு எப்படிங்க இருக்குது?” என்று கேட்டார்களாம். வேலை மறுபடி தொடங்கியது. கான்கிரீட் போட்டு முடித்துத் திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தபோது அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. தேர்தல் அறிவித்துவிட்டதால் யாரும் ரிப்பன் வெட்டக் கூடாது என்றார்கள். நாங்கள் காத்திருக்கவில்லை. ஒரு காலையில் பால்காரர் மணி அடித்துக்கொண்டே வீட்டு வாசல் வரை வந்தார். அதோடு பாலம் திறந்தாகிவிட்டது.

தொண்ணூற்றொன்பது தேர்தலுக்கு மனுத் தாக்கல் தொடங்கிய நாளிலிருந்து நான் என் கணவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். காலனியில் சிலர் வேண்டுமென்றே அவரைத் தூண்டினார்கள். இப்போது ரோடு வேண்டும், விளக்கு வேண்டும், நின்றால் என்ன என்றார்கள். அவர் பிடி கொடுக்காமல் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை வரவில்லை. மனுவுக்குக் கடைசி நாள் அன்று பள்ளியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கே போய் உட்கார்ந்தேன். எதற்கு வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு ஐந்து ஹெச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். செப்புக் கம்பி கையில் சுற்றிச் சுற்றிப் போனது. மூன்று மணியோடு மனு வாங்குவது முடியும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று அடித்தபோது அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

“அந்தச் சட்டத்த மாத்திப்போட்டாங்க, தெரியுமா? இனி சுயேச்சை செத்தா எலெக்‌ஷன் நிக்காது. நான் நின்னா இளநி கொண்டாரதுக்குக்கூட ஆளிருக்காது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லச் சொன்னார். சூடாக ஆளுக்கு ஒரு பஜ்ஜியும் வாங்கி வரச் சொல்லி, வாசலில் ஸ்டூலைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மெயின் ரோட்டில் யாருடைய ஊர்வலமோ மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. யார் என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.